குத்தலாம், எடுக்கேலாது

கொழும்பிலிருந்து வந்த இரவு மெயிலில்
முன் இருக்கையின் முதுகில் வலக்கையைத் தொங்கப்போட்டு
கல்ஓயாச் சந்திக்கு முன்பே தூங்கிவிட்டேன்.
சீனக்குடாவில் உப்புக்காற்று எழுப்பியது.
எல்லாம் எழும்பின,
வலது மணிக்கட்டைத் தவிர.

செத்த கொக்கின் கழுத்துப்போல அது தொங்கிற்று.
திருகோணமலை ஸ்டேஷன் வாசலில் ஓட்டோவை மறிக்க
உள்ளங்கையைக் காட்ட வேண்டும்.
நான் காட்டியது புறங்கையை.
போகச் சொல்கிறேனாக்கும் என்று
அவன் போயே போனான்.

ஆஸ்பத்திரியில் ஜெனிற்றா மிஸ்
நீலப் பேனையால் என் கையில் கோடு கீறினா:
"கழுத்தில வெளிக்கிட்டு, காறையெலும்புக்குக் கீழால,
கமக்கட்டுக்குள்ளால இறங்கி
இந்த எலும்பைப் பின்பக்கமாச் சுத்தி
புறங்கைக்கு வருது ஒரு நரம்பு.
சீட் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவில
ராமுழுக்க நெரிஞ்சு கிடந்திருக்கு.
அறேல்லை. மேலுறைதான் நசிஞ்சது.
கிழமைக் கணக்கில வரும், பாருங்கோ."

இரண்டு முழுக்குக்கும் அந்தக் கோடு அழியவில்லை.
பதினேழு வருடம் கச்சேரியில் இருப்பவள் நான்,
எனக்கு அது இப்படித்தான் விளங்கியது:
மண்டையும் முள்ளந்தண்டும் தலைமையகம்.
மண்டையிலிருந்து பன்னிரண்டு சோடி,
தண்டிலிருந்து முப்பத்தொரு சோடி
வெளிக்களத்துக்குப் போகின்றன.
மேலே போவது முறைப்பாடு:
சூடு, குத்து, ஈரம்.
கீழே வருவது சுற்றுநிருபம்:
மடக்கு, நீட்டு, விடு.
எங்கள் ரயிலுக்குப் போகவும் வரவும் ஒரே தண்டவாளம்,
கந்தளாயில் ஒன்று நின்றால்தான் மற்றது நகரும்.
நரம்பில் அப்படியில்லை.
ஒரே கட்டுக்குள் ஆயிரம் இழை,
ஒவ்வொன்றும் ஒரு திசைதான்,
திரும்பிப் பார்க்காது.

திங்கள் வேலைக்குப் போனேன்.
உள்ளங்கைப் பக்கத்துக்கு வேறு நரம்புகளாம்,
அவைக்கு ஒரு குறையுமில்லை.
ஆகவே திகதி முத்திரையைக் குத்த முடிந்தது.
எடுக்க முடியவில்லை.
யாரோ ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் மேல்
என் கை குந்தியிருந்தது.
சம்பூரிலிருந்து வந்த தகப்பன்
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"மிஸ், இன்னும் காயேல்லையோ?"
இடக்கையால் வலக்கையைத் தூக்கி
மேசை ஓரத்தில் வைத்தேன்.
முத்திரையை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.
என் வேலையை மாதங்கி பார்த்தாள், தன் முத்திரையால்.

ஞாயிறு கன்னியாவுக்குப் போனது நேர்த்திக்கல்ல,
சோதிக்க.
ஏழு கிணற்றிலும் வாளி போட்டு
வலக்கையில் ஊற்றினேன்.
இளஞ்சூடு, அதைவிடக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
உள்ளங்கை ஒவ்வொன்றாய்ச் சொன்னது.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே
புறங்கையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடம்
ஏழுக்கும் வாய் திறக்கவில்லை.
நெஞ்சு படபடத்தது, நெற்றி வேர்த்தது.
அந்தப் பகுதிகள் எப்போதும் இப்படித்தான்,
என் கையொப்பம் கேட்பதில்லை.
அன்று முதல்முறையாக
அதற்கு நன்றியாய் இருந்தேன்.
மூச்சையும் நானே குத்தி எடுக்க வேண்டியிருந்தால்?

நாற்பத்தோராம் நாள், பஸ் நிலையம்.
குப்பைத்தொட்டியடியில் நின்ற புள்ளிமானுக்கு
வாழைப்பழத் தோலை நீட்டினேன், இடக்கையால்தான்.
பட்டைபோட்ட வலக்கையை
சும்மா பக்கத்தில் வைத்திருந்தேன்.
அதற்கு எது தோல், எது என் தோல்?
பல் பட்டது.
வெடுக்கென்று கை பின்னால் வந்தது,
மணிக்கட்டு ஒரு விரற்கடை மேலே.
தலைமையகத்துக்கு அந்தக் கோப்பு போகவேயில்லை.
முள்ளந்தண்டிலேயே யாரோ பதில் எழுதி
அனுப்பிவிட்டார்கள்.
"ஐயோ" என்று நான் சொன்னது பிறகுதான்.
அதற்கும் பிறகுதான் வலித்தது,
சரியாக அந்தக் குற்றியளவு இடத்தில்.
பஸ்ஸுக்கு நின்ற பெண் கேட்டாள்,
"கடிச்சதுக்கோ சிரிக்கிறியள்?"

அடுத்த நாள் லாச்சியைத் திறந்தேன்.
குத்தினேன்.
நடுங்கி நடுங்கி, எடுத்தேன்.
கடதாசியில் பழைய திகதி விழுந்திருந்தது,
ஆறு கிழமைக்கு முந்தியது.
மாற்ற மறந்துபோனேன்.
மாதங்கி அதை வெட்டி, சிறுகையொப்பம் வைக்கச் சொன்னாள்.
வைத்தேன்.
கோணல்தான்.